யுவே-தாவ் அக்காவின் ஐந்து விநாடிச் சிரிப்பு

என் கணவன் போ-யான் பதினோரு வருடம் அடுக்குமாடி வீடுகளுக்கு விளம்பர வாசகம் எழுதியவன். ஜன்னலைத் திறந்தால் சாக்கடை தெரியும் வீட்டை ‘நதியோடு உரையாடும் இல்லம்’ என்று எழுதுவான். எதிரே மின்கம்பிகள் தொங்கினால் ‘மாநகரின் நரம்புகளுக்கு நடுவே ஓர் அமைதி’ என்பான். இப்படிப்பட்ட வாசகங்களை ஏ.ஐ. அரை நிமிடத்தில் எழுதிவிடுகிறது என்பதை அந்த நிறுவனம் ஒரு நாள் கண்டுகொண்டது. போ-யான் வீட்டுக்கு வந்தான். மூன்று வாரம் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

நான்காவது வாரம் எழுந்து முகம் கழுவிக்கொண்டான். “அதே ஏ.ஐ.யை வச்சே பொழைச்சுக் காட்டுறேன் பாரு” என்று சொல்லி, வாசல் அறையில் கணினியைப் போட்டு, வெளியே ஒரு பலகை மாட்டினான்: ‘உங்கள் புகைப்படத்துக்கு உயிர் கொடுக்கிறோம்.’

தொழில் இதுதான். ஒரு புகைப்படத்தை ஏ.ஐ.யிடம் கொடுத்து, அதில் என்ன நடக்க வேண்டும் என்று கட்டளை எழுத வேண்டும். அது அந்தப் படத்தை ஐந்து விநாடி வீடியோவாக ஆக்கித் தரும். கட்டளை என்றாலும் அதுவும் எழுத்துதானே, நமக்குத் தெரியாத எழுத்தா என்று போ-யான் நினைத்தான்.

நான் காவ்ஷியுங் துறைமுகத்தில் கிரேனுக்குச் சிக்னல் கொடுக்கிறவள். பெயர் வான்-யூ. கிரேன் ஓட்டுநர் மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். தொங்குகிற சுமை அவருக்குத் தெரியும், அது இறங்க வேண்டிய இடம் தெரியாது. நான் கப்பலுக்குள் நின்று வாக்கி-டாக்கியில் சொல்லச் சொல்ல, இருபது டன் எஃகுச் சுருள் ஒரு பூனை உட்காருவதுபோல வந்து உட்காரும். வீட்டிலும் நான் நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று போ-யான் எல்லோரிடமும் குறைபட்டுக்கொள்வான்.

நவம்பர் மாதம், உள்ளாட்சித் தேர்தலுக்குப் பதினெட்டு நாள் இருந்தபோது, யுவே-தாவ் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். சந்தைத் தெருவில் பால்மீன் கஞ்சிக் கடை வைத்திருப்பவள். வயது ஐம்பத்தெட்டு. எங்கள் வட்டத்தில் ஒவ்வொரு புயலுக்கும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வடிகாலைச் சரிசெய்யச் சொல்லி ஆறு மனு எழுதிப் போட்டும் பதில் வராததால், ஏழாவது மனு எழுதுவதற்குப் பதிலாக வட்டத் தலைவர் பதவிக்கே மனுத்தாக்கல் செய்துவிட்டாள். வாக்குச்சீட்டில் அவள் எண் இரண்டு.

“தம்பி, நீதானே படத்துக்கு உயிர் குடுக்கிறவன்?”

“ஆமாக்கா. உக்காருங்க.”

“உக்கார நேரமில்ல, அடுப்புல கஞ்சி கெடக்கு. இந்தா படம்.”

மூன்று வருடத்துக்கு முன் ஏதோ பத்திரிகைக்காரர் எடுத்த படம். பெரிய பானைக்குப் பின்னால் அக்கா நிற்கிறாள். வலது கையில் நீளமான அகப்பை. ஆவி பறக்கிறது. முன்னால் முக்காலியில் கோ அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இழுவைப் படகில் என்ஜின் பார்த்து ஓய்வுபெற்றவர், மூன்று வேளையும் அந்தக் கடையில்தான். மேசைக்கடியில் கடை நாய் படுத்திருக்கிறது.

“வீடியோவே எடுத்துடலாமேக்கா” என்றான் போ-யான்.

“நேத்து மருமகன் எடுத்தான். கேமராவப் பாத்ததும் மூஞ்சி அப்படியே வெறைச்சுப் போச்சு. எம் பொண்ணு பாத்துட்டு, ‘அம்மா, வீடியோ ஓடுதா, நின்னு போச்சா’ன்னு கேக்குறா.” அக்கா என்னைப் பார்த்தாள். “சிரிக்காதடி. அந்த ஷி சாங்-மின் ட்ரோன் விட்டு எடுத்திருக்காரு. வானத்துலேருந்து எறங்கி வர்றாராம். எனக்கு வானமெல்லாம் வேணாம். பானைக்குப் பின்னால நின்னு சிரிச்சாப் போதும். ஊர்ல எல்லாம் என்னைக் கோபக்காரின்னு நெனைக்கிறாங்க.”

“நீங்க கோபக்காரி இல்லையாக்கா?” என்றேன்.

“கோபக்காரிதான். அது ஓட்டுப் போட்ட பெறகு தெரிஞ்சா போதும்.”

ஷி சாங்-மின் நான்கு முறை தொடர்ந்து வட்டத் தலைவராக இருப்பவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், அவ்வளவுதான். வடிகால் பற்றிக் கேட்கப் போனவர்கள் வடிகாலின் வரலாற்றைக் கேட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

அன்று மதியமே போ-யான் வேலையில் இறங்கினான். தேநீர் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி யோசித்து, முதல் கட்டளையை எழுதினான்: ‘விடியலின் பொன்னொளியில் மக்களின் சகோதரி கண் மலர்கிறாள். அவள் நெஞ்சின் வெப்பம் தெருவெங்கும் பரவுகிறது.’

ஏ.ஐ. வெப்பத்தைப் பரப்பியது. முதலில் பானை பற்றிக்கொண்டது, பிறகு கூரை, பிறகு பக்கத்துக் கடை. யுவே-தாவ் அக்கா நெருப்புக்கு நடுவே அசையாமல் நின்றாள். அவளுடைய கண்களில் இரண்டு சாமந்திப் பூக்கள் விரிந்திருந்தன.

“கொஞ்சம் அதிகமாப் போச்சு” என்றான் போ-யான்.

அடுத்து, ‘அவள் கண்களில் கருணை வழிகிறது’ என்று எழுதினான். வழிந்தது. வெள்ளையாக, கஞ்சி மாதிரி. மூன்றாவதாக, ‘ஊருக்காக அவள் உள்ளம் உருகுகிறது’ என்றான். அகப்பை உருகி, கை உருகி, கடைசியில் பானைக்குப் பின்னால் தலைமுடி மட்டும் மிஞ்சியது. நாய் எழுந்து வந்து அதை முகர்ந்தது. நாய் குறுக்கே வருகிறதே என்று, ‘நாய் எழுந்து வரக் கூடாது, நாய் குரைக்கக் கூடாது’ என்று சேர்த்தான். அடுத்த வீடியோவில் நான்கு நாய்கள் வந்து குரைத்தன.

நான் வேலை முடிந்து வரும்போது அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

“இதுக்குக் கவிதை புரியல, வான்-யூ.”

“சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு நாளில் முப்பது வீடியோக்கள் ஆகிவிட்டன. ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘உண்மையான இறுதி’, ‘இதுவே இறுதி’ என்று பெயர் வைத்துச் சேமித்தான். அவற்றில் ‘இதுவே இறுதி’ மட்டும் பரவாயில்லை. அக்கா லேசாகத் தலையசைப்பாள், ஆவி பறக்கும், வேறொன்றும் நடக்காது. அதையே அனுப்பிவிடலாம் என்று முடிவுசெய்து, கீழே ‘இது ஏ.ஐ.யால் அசைக்கப்பட்ட படம்’ என்று போட்டு, நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கும் எங்கள் வட்டத்து அரட்டைக் குழுவில், ‘உங்கள் வீட்டுச் சகோதரி, எண் இரண்டு’ என்ற வாசகத்தோடு அனுப்பினான்.

அவன் அனுப்பியது ‘இதுவே இறுதி’ இல்லை. ‘உண்மையான இறுதி’.

‘உண்மையான இறுதி’க்கு அவன் எழுதியிருந்த கட்டளை: ‘கை உயர்த்தி மக்களை ஆசையோடு வாழ்த்துகிறாள்.’ அந்தக் கையில் அகப்பை இருப்பதைப் போ-யான் மறந்துவிட்டான். ஏ.ஐ. மறக்கவில்லை. அக்கா அகப்பையை உயர்த்துகிறாள். பக்கத்தில் இருக்கிற ஒரே பொதுஜனம் கோ அண்ணன்தான். அகப்பை அவர் உச்சந்தலையில் இறங்குகிறது. அவர் முக்காலியோடு சாய்கிறார். அக்கா கேமராவைப் பார்த்து அன்போடு தலையசைக்கிறாள்.

பத்து நிமிடத்தில் அது பக்கத்து வட்டத்துக்கும் போய்விட்டது. ஷி சாங்-மின்னின் ஆட்கள், ‘வடிகால் கேட்டால் இதுதான் கிடைக்கும்’ என்று எழுதிப் பரப்பினார்கள். இருபதாவது நிமிடம் எங்கள் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. யுவே-தாவ் அக்கா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் அந்த அகப்பை இருந்தது.

“எழுத்தாளரே! வெளிய வாங்க!”

போ-யான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். நான்தான் கதவைத் திறந்தேன்.

“எங்கடி அவன்?”

“குளிக்கிறான்க்கா.”

“தண்ணி சத்தமே கேக்கல?”

உள்ளே உடனே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் மடியில் இருந்த அகப்பையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: “முப்பத்தோரு வருசமாக் கடை வச்சிருக்கேன். ஒருத்தரையும் பட்டினியா அனுப்பினதில்ல. இப்ப இந்த இருவது நிமிசமாக் கடைக்கு வர்றவன் எல்லாம் தலைல கைய வச்சுக்கிட்டே உக்கார்றான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. “ரெண்டு நாள் குடுங்கக்கா. நானும் பாக்கிறேன்” என்றேன்.

அவள் போன பிறகு போ-யானைக் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தேன். எழுதிய கட்டளைகளையெல்லாம் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தான், குரலில் ஏற்ற இறக்கத்தோடு.

“யாருக்குடா இந்த மாதிரி சிக்னல் குடுப்பாங்க? நான் கிரேன்காரர்கிட்ட, ‘எஃகின் மௌனம் கப்பலின் மார்பில் சாயட்டும்’னு சொன்னா என்ன ஆகும்?”

“என்ன ஆகும்?”

“ஆள் சாவான்.”

அவன் நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.

“தொங்குற சுமை அவருக்குத் தெரியுது. அது கறுப்பா, செவப்பா, அழகா இருக்கான்னு நான் சொல்றதில்ல. இங்கயும் அப்படித்தான். படம் அதுகிட்ட இருக்கு. அக்கா இருக்கா, பானை இருக்கு. அதத் திருப்பிச் சொல்லாத. எது நகரணும், எந்தப் பக்கம், எவ்வளவு மெதுவா, எங்க நிக்கணும். அவ்வளவுதான்.”

“நாய் வேணாம்னு எழுதினா நாலு நாய் வருதே?”

“நாங்க ‘வேணாம்’, ‘கூடாது’ன்னு பேசவே மாட்டோம். ‘இடப்பக்கம் போகாத’ன்னு சொல்றப்ப வாக்கி-டாக்கி பாதில அறுந்தா, அவருக்குக் கேக்கிறது ‘இடப்பக்கம்’ மட்டுந்தான். ‘நில்லு’ன்னு சொல்லணும். நாய் தூங்குதுன்னு எழுது.”

போ-யான் என் முகத்தையே பார்த்தான். “கல்யாணமாகி ஒன்பது வருசத்துல நீ இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல.”

“எழுது.”

எழுதினான். ‘நாய் தூங்குகிறது. கோ அண்ணன் கிண்ணத்தைப் பார்த்தபடி மெதுவாக மெல்லுகிறார். அகப்பை பானைக்குள் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஆவி நேராக மேலே போகிறது. கேமரா அக்காவை நோக்கி மெதுவாக நெருங்கி, மூன்றாவது விநாடியில் நிற்கிறது.’

வீடியோ வந்தது. நாய் தூங்கியது. அதன் வயிறு ஏறி இறங்குவதுகூடத் தெரிந்தது. அகப்பை சுற்றியது. யாரும் எரியவில்லை, உருகவில்லை. போ-யான் நாற்காலியிலிருந்து எழுந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

ஆனால் சிரிப்பு மட்டும் வரவில்லை. ‘சிரிக்கிறாள்’ என்று எழுதினால் பற்பசை விளம்பரம் போல நாற்பது பல் தெரிந்தது. ‘லேசாக’ என்றால் வில்லிச் சிரிப்பு. மறுநாள் கடைக்குப் போய் அக்காவிடம் காட்டினோம். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“யார்றா இவ? எங் கடைல எம் அகப்பையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா?”

“நீங்கதாங்க்கா.”

“எம் புருஷன் உயிரோட இருந்தா இவளக் கடைக்குள்ள சேர்க்க மாட்டான்.”

திரும்பி வரும் வழியில் போ-யான், “நீயே சொல்லு, சிரிப்புக்கு எப்படி சிக்னல் குடுக்கிறது?” என்று கேட்டான்.

“எனக்குச் சுருள்தான் எறக்கத் தெரியும். ஆனா ஒண்ணு. அந்தப் படத்துல அவ சிரிக்கல. அவ எப்படிச் சிரிப்பான்னு அதுக்கு யார் சொல்லியிருக்கா? உனக்குத் தெரியுமா?”

அவன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். ஏழு வருடமாக அந்தக் கடையில் கஞ்சி குடிக்கிறான். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

அடுத்த நாள் காலை ஐந்தரை மணிக்கே போ-யான் போய்க் கடையின் மூலை மேசையில் உட்கார்ந்துகொண்டான். ஒரு கிண்ணம் கஞ்சி, பொரித்த மாவுக்குச்சி ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம். பத்து மணி வரை பார்த்துக்கொண்டே இருந்தான். அக்கா சிரிக்கவில்லை. மீனை நறுக்கினாள், இஞ்சியை அள்ளிப் போட்டாள், கடன் சொன்னவனை முறைத்தாள். “என்னடா மொறைச்சுப் பாக்குற, இன்னும் என்ன பாக்கி இருக்கு?” என்று இவனையும் திட்டினாள்.

அன்றுதான் கோ அண்ணன் தலையில் பெரிய வெள்ளைக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கடையே நிமிர்ந்து பார்த்தது.

“அய்யோ, என்னாச்சு அண்ணே?”

“வீடியோ பாக்கலியா? அடி பலம்.” முக்காலியில் நிதானமாக உட்கார்ந்தார். “தல வலிக்குதுதான். ஆனா எம் ஓட்டு ரெண்டாம் நம்பருக்குத்தான். அடிக்கிற கைதானே வடிகால் கேட்டு ஆபீஸ் மேசையயும் தட்டும்?”

அன்று முழுக்க அந்தக் கட்டோடு சந்தைத் தெரு, கோயில் வாசல், மீன் ஏலக்கூடம் என்று எல்லா இடத்துக்கும் போனார். கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொன்னார். மாலைக்குள் கேலி வேறு பக்கம் திரும்பிவிட்டது. குழுவில் ஆளாளுக்கு, ‘அகப்பை அக்கா, எங்கள் தெரு விளக்கையும் ஒரு தட்டுத் தட்டுங்கள்’ என்று எழுத ஆரம்பித்தார்கள். இதற்கும் அக்கா சிரிக்கவில்லை. “கட்டப் பிரிண்ணே, துணி வீணாப் போவுது” என்றாள்.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள். போ-யான் மூன்று கிலோ ஏறியதுதான் பலன். நோட்டுப் புத்தகத்தில் அவன் எழுதியிருந்ததை நான் எடுத்துப் பார்த்தேன். ‘காசு வாங்கும்போது கிண்ணத்தைப் பார்ப்பாள், கையைப் பார்க்க மாட்டாள். கோபத்தில் வலது புருவம் மட்டும் ஏறும். வயதானவர்களுக்கு மீன் முள்ளைத் தானே எடுத்துவிட்டுத் தருவாள், கேட்டால் இல்லை என்பாள்.’ ஒரு வரியில்கூட விடியல் இல்லை, பொன்னொளி இல்லை.

ஐந்தாம் நாள் ஞாயிறு, எனக்கு விடுமுறை. நானும் போயிருந்தேன். எட்டு மணிக்கு ஷி சாங்-மின் உள்ளே வந்தார். தோளில் குறுக்கே ‘எண் ஒன்று’ என்று எழுதிய பட்டை. பிரசாரம் போகிற வழியில் பசி. அவரும் இருபது வருட வாடிக்கையாளர்தான். கடையில் எல்லோரும் அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“அக்கா, வழக்கம்போல ஒண்ணு” என்றார் கொஞ்சம் தயக்கத்தோடு. உட்கார்ந்ததும் பக்கத்து மேசைக்காரரிடம், “இந்த வடிகால் இருக்கு பாருங்க, இது தொண்ணூத்தாறாம் வருசம்…” என்று ஆரம்பித்துவிட்டார்.

யுவே-தாவ் அக்கா கிண்ணத்தில் சோற்றைப் போட்டாள். பிறகு மீனின் வயிற்றுப் பகுதியில், இருப்பதிலேயே பெரிய, கொழுப்பான துண்டை எடுத்து, சோற்றுக்கு அடியில் தள்ளி, மேலே கஞ்சியை ஊற்றி மூடினாள். கொண்டுபோய் வைத்தாள். ஷி சாங்-மின் வடிகால் வரலாற்றின் நடுவே கரண்டியை உள்ளே விட்டார். பெரிய துண்டு வந்தது. வாயில் வைத்தார். பேச்சு நின்றது. முழுதாக இரண்டு நிமிடம் அவரால் பேச முடியவில்லை.

பானைக்குப் பின்னால் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது சிரித்தாள். உதட்டின் இடது ஓரம் மட்டும் உள்ளே மடிந்தது. கன்னத்தில் ஒரு சின்னக் குழி. கண்கள் பானைக்குள்ளேயே இருந்தன. பிறகு ஒன்றும் நடக்காததுபோல மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

போ-யான் என் முழங்கையைப் பிடித்து அமுக்கினான்.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

பிறகு அக்காவிடம், “எதிராளிக்கு எதுக்குக்கா பெரிய துண்டு?” என்று கேட்டேன்.

“எதிராளின்னா பசிக்காதா?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “வாய் நெறைய இருந்தாத்தான்டி பேச மாட்டாரு. இருபது வருசமா இதான் வழி” என்றாள்.

வீட்டுக்கு ஓடினோம். போ-யான் எழுதினான்: ‘அகப்பை பானைக்குள் நிற்கிறது. அவள் தலையை மெதுவாகக் குனிந்து பானைக்குள் பார்க்கிறாள். வாய் மூடியிருக்கிறது. உதட்டின் இடது ஓரம் மட்டும் சற்று உள்ளே மடிந்து, இடது கன்னத்தில் சின்னக் குழி விழுகிறது. கேமரா அசையாமல் நிற்கிறது.’

எட்டு முறை தப்பாக வந்தது. ஒன்றில் குழி நெற்றியில் விழுந்தது. ஒன்பதாவது முறை வந்துவிட்டது. கடைக்கு எடுத்துப் போனோம். யுவே-தாவ் அக்கா பார்த்துவிட்டுப் போனைக் கோ அண்ணனிடம் நீட்டினாள். அவர் பார்த்தார். கட்டு இன்னும் தலையில்தான் இருந்தது.

“இவதான்” என்றார். “இவ இப்படித்தான். திருட்டுத்தனமா.”

அக்கா இடுப்பில் கட்டிய துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, “நான் சிரிக்கிறது வெளிய தெரியுதா?” என்று கேட்டாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அன்று மாலையே அந்த வீடியோ குழுவுக்குப் போனது. தேர்தல் நாளன்று நாலு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்து, பள்ளி வகுப்பறையிலேயே எண்ண ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு சீட்டையும் அதிகாரி தூக்கிக் காட்டி எண்ணைச் சத்தமாகச் சொல்வார், இன்னொருவர் சுவரில் கோடு போடுவார். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என்று கயிறு இழுக்கிற மாதிரி போனது. நடுவில் அதிகாரி ஒரு சீட்டைத் தூக்கினார், உற்றுப் பார்த்தார், “செல்லாது” என்றார்.

“ஏன்?” என்று கூட்டத்தில் கத்தினார்கள்.

“முத்திரைக்குப் பக்கத்துல பேனாவால ஏதோ வரைஞ்சிருக்கு. கரண்டி மாதிரி.”

அப்படி ஒன்பது சீட்டு வந்தது. ஒன்பதிலும் அகப்பை. அன்பு மிகுதியில் வரைந்தவை. ஷி சாங்-மின் ஐந்து ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

போ-யான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். “எல்லாம் என்னாலதான்” என்றான். யுவே-தாவ் அக்கா சுவரில் தன் எண்ணுக்கு நேரே இருந்த கோடுகளை ஜன்னல் வழியாகவே விரல் நீட்டி எண்ணினாள். பிறகு, “எந்திரிடா. நாளைக்குக் கடை இருக்கு. இத்தன பேரு எனக்குக் குத்தியிருக்கான், அதப் பாரு” என்றாள். ஸ்கூட்டரை அவளேதான் ஓட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை கடையில் உட்கார இடமில்லை. ஓட்டுப் போட்டவர்கள், போடாதவர்கள், அகப்பை வரைந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருத்தி தெரு விளக்கு எரியவில்லை என்றாள், ஒருவர் குப்பை வண்டி நேரம் மாறிவிட்டது என்றார். யுவே-தாவ் அக்கா கஞ்சி ஊற்றிக்கொண்டே, “அங்க சொல்லு” என்று அகப்பையால் மூலை மேசையைக் காட்டினாள். அங்கே ஷி சாங்-மின் உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் தன் அலுவலகத்துக்கு வருவதில்லை, இங்கேதான் வருகிறார்கள் என்பதை அந்த ஐந்து ஓட்டு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். வாய் நிறைய மீனோடு குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். மார்ச் மாதம் வடிகாலைத் தோண்ட ஆரம்பித்தார்கள்.

போ-யானுக்கு இப்போது வேலை நிறைய வருகிறது. ஒரு படம் வந்தால் உடனே எழுத உட்கார்வதில்லை. ஆளை வரச் சொல்லி, தேநீர் கொடுத்து, பேசவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டில் அது ஒரு தொல்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் எதற்கோ சிரித்தேன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“நீ சிரிக்கறதுக்கு முன்னாடி மூக்கு ரெண்டு தடவ அசையுது, தெரியுமா? முயல் மாதிரி.”

காதலித்த நாளில் இதே மனிதன் என் சிரிப்பைப் பற்றி நிலவு, அலை, முத்து என்று பதினாறு பக்கம் எழுதியவன். அந்தக் கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்கு ஞாபகமில்லை.

“சாப்பிடு” என்றேன். மூக்கு மறுபடியும் அசைந்திருக்க வேண்டும், அவன் சிரித்தான்.